பிபி மாத்திரை ஃபேட்டி லிவருக்கும் கேக்குமா? டாக்டரைப் பாக்கறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க

டெல்மிசார்டான்ங்கற பிபி மாத்திரை போட்டா ஈரல் கொழுப்பு குறையுதாம்னு செய்தி பாத்துட்டு, பிபியே இல்லாதவங்க கூட மெடிக்கல்ல வாங்கிப் போட்டுக்கலாமான்னு கேக்கறாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். ஆனா அந்தச் செய்தி பொய்யும் இல்ல, அதை டாக்டர்கிட்ட எப்படிக் கொண்டு போறதுன்னு சொல்றேன்.

2025ல பார்சிலோனா பல்கலைக்கழகத்துல பண்ண ஆராய்ச்சி அது. ரத்தக் கொழுப்புக்கு ஜப்பான்ல குடுக்கற பெமாஃபைப்ரேட், பிபிக்குப் போடற டெல்மிசார்டான், இந்த ரெண்டையும் கொழுப்பும் ஃபிரக்டோஸும் நெறைய தின்ன வச்ச எலிங்களுக்குக் குடுத்தாங்க, ஈரல்ல சேந்த கொழுப்பு குறைஞ்சுது. ரெண்டையும் பாதிப் பாதி டோஸ்ல சேத்துக் குடுத்தப்ப, ஒண்ணை மட்டும் முழு டோஸ்ல குடுத்த அளவுக்கே வேலை செஞ்சுது, எனக்கு இதுல பெரிய விஷயமாத் தெரியறது அதுதான், ஏன்னா டோஸ் குறைஞ்சா பக்கவிளைவும் குறைய வாய்ப்பு இருக்கு. ஜீப்ரா மீன் குஞ்சுலயும் பாத்தாங்க. அவ்ளோதான், எலியும் மீனும். அதை வச்சு உங்களுக்கு எத்தனை மில்லிகிராம்னு யாராலயும் சொல்ல முடியாது.

இதய மருந்துல ஏன் தேடறாங்கன்னா, ஃபேட்டி லிவர் இருக்கறவங்க உயிரை அதிகமா எடுக்கறது ஈரலை விட மாரடைப்பு மாதிரி இதயப் பிரச்சனைதான், ஒரே மாத்திரை ரெண்டையும் பாத்துக்கிட்டா எவ்ளோ நல்லது. நம்ம நாட்டுலயே இப்படி நடந்திருக்கு, சர்க்கரைக்காரங்களோட ரத்தக் கொழுப்புக்குன்னு 2013ல வந்த சரோகிளிட்டசாருக்கு 2020ல ஈரல் வீக்கத்தோட இருக்கற ஃபேட்டி லிவருக்கும் அனுமதி குடுத்தாங்க.

சரி, இப்ப உங்க ரிப்போர்ட்டை எடுங்க. ஸ்கேன்ல கிரேடு 1, கிரேடு 2ன்னு போட்டிருக்கறது கொழுப்பு எவ்ளோன்னுதான் சொல்லும், ஈரல்ல தழும்பு விழுந்திருக்கான்னு சொல்லாது, உண்மையிலயே பயப்பட வேண்டியது தழும்புக்குத்தான். அதுக்கு ஃபிப்-4னு ஒரு கணக்கு இருக்கு, ரத்த ரிப்போர்ட்ல இருக்கற எஸ்ஜிஓடி (AST), எஸ்ஜிபிடி (ALT)ங்கற ரெண்டு ஈரல் டெஸ்ட்டும் பிளேட்லெட்டும் வேணும். வயசை எஸ்ஜிஓடியால பெருக்குங்க. அப்புறம் எஸ்ஜிபிடிக்கு வர்க்கமூலம் எடுத்து பிளேட்லெட்டால பெருக்கி, முதல்ல வந்ததை இதால வகுங்க. பிளேட்லெட் 2.1 லட்சம்னா 210னு போடணும், இங்கதான் நெறைய பேர் தப்பு பண்றாங்க. 48 வயசு, எஸ்ஜிஓடி 42, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 210னா 2016ஐ 1680ஆல வகுத்தா 1.2 வரும். 1.3க்குக் கீழ இருந்தா பெருசா தழும்பு இருக்க வாய்ப்பு கம்மி (65 வயசு தாண்டினவங்களுக்கு 2 வரைக்கும்), 2.67ஐத் தாண்டினா உடனே ஈரல் டாக்டரைப் பாருங்க, நடுவுல வந்தா ஃபைப்ரோஸ்கேன் (ஈரல் எவ்ளோ இறுகியிருக்குன்னு பாக்கற ஸ்கேன்) எடுக்கலாமான்னு கேளுங்க.

டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது என்னன்னா, பிபிக்கு ஏற்கனவே வேற மாத்திரை போட்டுட்டு இருந்தா "எனக்கு ஃபேட்டி லிவரும் இருக்கு, டெல்மிசார்டான் எனக்கு ஒத்து வருமா"ன்னு நேராவே கேளுங்க. கர்ப்பமா இருந்தாலோ, பித்தக்குழாய்ல அடைப்பு இருந்தாலோ இதைப் போடவே கூடாது. கிட்னி பிரச்சனை இருக்கறவங்களுக்கு ரத்தத்துல பொட்டாசியம் ஏற வாய்ப்பு இருக்கு, அதனால கிட்னி பிரச்சனை இருந்தா மறைக்காம சொல்லுங்க. பிபி நார்மலா இருக்கறவங்க போட்டா பிபி இறங்கி தலை சுத்தி விழற ஆபத்து இருக்கு.

இன்னொண்ணு, இதைச் சொல்லாம விட மனசு வரல. எங்க மாமா ஃபேட்டி லிவர்னு ரிப்போர்ட் வந்ததும் ஈரலைக் கெடுத்துடும்னு பயந்து, கொலஸ்ட்ராலுக்குப் போட்டுட்டு இருந்த அடோர்வாஸ்டாட்டினை (ஸ்டாட்டின் வகை மாத்திரை) தானாவே நிறுத்திட்டாரு, ஆறு மாசம் கழிச்சுதான் எங்களுக்கே தெரிஞ்சுது. ஃபேட்டி லிவர் இருந்தாலும் ஸ்டாட்டின் போடலாம், நிறுத்தணுமா வேண்டாமாங்கறதை டாக்டர் சொல்லட்டும்.

மாத்திரை எதுவா இருந்தாலும் உடம்பு எடையில 7ல இருந்து 10 சதவீதம் குறைஞ்சா ஈரல் வீக்கமே இறங்குது, 80 கிலோ இருக்கறவங்களுக்கு அது 5.6ல இருந்து 8 கிலோ. டாக்டர்கிட்ட போறப்ப இன்னைக்கு எடையையும் எழுதி எடுத்துட்டுப் போங்க, அடுத்த தடவை டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்கறப்ப எடையையும் ரிப்போர்ட்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கலாம்.