முதல் கேமிங் கம்ப்யூட்டர்: பாதிப் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள்

நவம்பர் வந்தால் டர்பன் பக்கம் இதே பேச்சுதான். மாட்ரிக் என்ற பள்ளி இறுதிப் பரீட்சை முடியப்போகிறது, பிளாக் ஃப்ரைடே தள்ளுபடி வரப்போகிறது, பிள்ளைக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கித் தரலாமா என்று சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வீட்டில் யோசிக்கிறார்கள். கையில் பதினைந்தாயிரம் ராண்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அதுவும் மாதாமாதம் சேர்த்த காசு. அந்தக் காசு வீணாகப் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: விளம்பரத்தில் இருக்கும் பெயரில் பாதியைப் படித்துவிட்டு மீதியை விட்டுவிடுகிறோம்.

"ஐ7 கேமிங் பிசி, 16 ஜிபி ரேம்" என்று விலை மலிவாக ஒரு விளம்பரம் வரும். ஐ7 என்பது இன்டெல் பிராசஸரின், அதாவது கம்ப்யூட்டரின் மூளையின், வரிசைப் பெயர் மட்டும்தான். எந்த ஐ7 என்று கேளுங்கள். ஐ7-4770 என்றால் அது 2013-இல் வந்தது. 2022-இல் வந்த ஐ3-12100 அதைச் சுலபமாக முந்திவிடும். வேகம் மட்டும் பிரச்சினை இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது, விண்டோஸ் 11-ஓ இன்டெலில் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை, வெகு சிலவற்றைத் தவிர, முறைப்படி ஏற்பதில்லை. வேலரன்ட் மாதிரி ஆட்டங்கள் விண்டோஸ் 11-இல் ஓட டிபிஎம் 2.0 (போர்டிலோ பிராசஸரிலோ இருக்கும் பாதுகாப்புப் பகுதி), செக்யூர் பூட் (கம்ப்யூட்டர் தொடங்கும்போதே நடக்கும் பாதுகாப்புச் சோதனை) இரண்டும் கேட்கும். ஆக, பிள்ளை எந்த ஆட்டத்துக்காகக் கேட்டதோ அதுவே திறக்காமல் போகலாம். ஆபீஸில் இருந்து கழித்துவிட்ட பெட்டி என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு: பல மாடல்களில் பவர் சப்ளையின் அளவும் இணைப்பும் அந்தக் கம்பெனிக்கே உரியவை, கடையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளை அதில் பொருந்தாது, அப்புறம் ஆட்டத்தின் படத்தை உருவாக்கும் கிராஃபிக்ஸ் கார்டு நல்லதாகப் போட வழியே இருக்காது.

காசில் பெரிய பங்கு கிராஃபிக்ஸ் கார்டுக்குத்தான் போக வேண்டும். மூன்றில் ஒரு பங்கு, முடிந்தால் கொஞ்சம் கூடவே. ஆனால் பெயர் அதிகம் ஏமாற்றுவதும் இங்கேதான். ஆர்டிஎக்ஸ் 3050 என்று இரண்டு வகை இருக்கிறது: 2022-இல் வந்த 8 ஜிபி கார்டில் 2560 கோர் (கணக்குப் போடும் சின்னப் பகுதி), 2024-இல் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர், மெமரிக்கான பாதையும் 128 பிட்டில் இருந்து 96 பிட்டாகக் குறைந்துவிட்டது. நினைவகம் மட்டும் 2 ஜிபி குறைவு என்று நினைத்து வாங்குகிறவருக்கு இது தெரியாது. ஜிடி 1030 என்ற கார்டு அதைவிட மோசம். அதில் டிடிஆர்4, ஜிடிடிஆர்5 என்று மெமரி இரண்டு வகை. டிடிஆர்4 வகையின் மெமரி வேகம் ஜிடிடிஆர்5 வகையில் மூன்றில் ஒரு பங்குதான், பெயரோ ஒன்றே. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு நான்கே பிசிஐஇ லேன்களில் (கார்டை மதர்போர்டோடு இணைக்கும் தடங்கள்) ஓடுகிறது, அதைப் பழைய பிசிஐஇ 3.0 போர்டில் போட்டால் பல ஆட்டங்களில் வேகம் நன்றாகவே விழும். 1080பி (1920 x 1080 புள்ளி) திரையில் விளையாட ஆர்எக்ஸ் 6600 போன்ற 8 ஜிபி கார்டு கிடைத்தால் போதும், அதற்கு மேல் ஆசைப்பட்டு மற்றதில் கை வைக்க வேண்டாம்.

பிராசஸரில் கடைசி எழுத்தைப் பாருங்கள். ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600-க்கும் 5600ஜி-க்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் ஜி-யில் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 32 எம்பிக்குப் பதில் 16 எம்பி. இப்போதைக்கு கார்டு வாங்க முடியாது, உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸிலேயே சில மாதம் ஓட்டப்போகிறோம் என்றால் ஜி சரி. கார்டும் சேர்த்து வாங்குகிறீர்கள் என்றால் 5600. இன்டெலில் எண்ணுக்குப் பின் எஃப் என்று இருந்தால் கார்டு இல்லாமல் திரையில் படமே வராது.

ரேமை 16 ஜிபி ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி குச்சி இரண்டாக வாங்கிப் போடுங்கள், டூயல் சேனலில், அதாவது இரண்டு பாதையில் ஒரே நேரத்தில் ஓடும். பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பைப் போடாவிட்டால் பெட்டியில் எழுதியிருக்கும் வேகம் வராது. டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 ஏறாது. 2025 கடைசியில் மெமரி விலை கடுமையாக ஏறியது, அதனால் முதலில் ரேம் விலையை விசாரித்துவிட்டு அப்புறம் போர்டை முடிவு செய்யுங்கள். எஸ்எஸ்டியில் எம்.2 என்பது வெறும் வடிவம். உள்ளே மெதுவான சாட்டாவா, வேகமான என்விஎம்இ-யா என்று படித்து வாங்குங்கள்.

இனி பவர் சப்ளை. எல்லோரும் காசு மிச்சம் பிடிக்கும் இடம் இது, நான் கெஞ்சிக் கேட்கும் இடமும் இதுதான். 600 வாட் என்று பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். அங்கே 30 ஆம்பியர் என்றிருந்தால் 12 x 30, அதாவது 360 வாட்தான் பிராசஸருக்கும் கார்டுக்கும் சேர்த்து. 80 பிளஸ் என்ற முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டும் சொல்கிறது, உள்ளே போட்ட பாகம் தரமா என்று சொல்வதில்லை. நம் ஊரில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை, 2023 மாதிரி ஒரு வருடத்தை மறக்க முடியுமா. கரண்ட் போகும்போது கெடுவதைவிடத் திரும்பி வரும் நொடியில் பாயும் அதிக மின்னழுத்தத்தில் கெடுவதுதான் அதிகம். ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியா பக்கம் இருப்பவர்களுக்குக் கோடைக்கால மதிய இடியும் சேர்ந்துகொள்ளும். ஆகவே சர்ஜ் பாதுகாப்பு கட்டாயம். கரண்ட் போனதும் பேட்டரியில் ஓட்டும் யுபிஎஸ் வாங்கினால் 650 விஏ என்பதை 650 வாட் என்று நினைத்துவிடாதீர்கள், பல மாடல்களில் 360 வாட் பக்கம்தான் வரும். ஆட்டத்தை முடித்து ஒழுங்காக அணைக்க அது போதும், தொடர்ந்து விளையாட இல்லை. மலிவான யுபிஎஸ் தரும் படிக்கட்டு மாதிரியான அலையில், ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள பவர் சப்ளை சில நேரம் அணைந்துவிடும். சீரான அலை தரும் பியூர் சைன் வேவ் கிடைத்தால் அதையே எடுங்கள்.

டர்பன் புழுக்கத்தில் முன்பக்கம் முழுக்க கண்ணாடி மூடிய பெட்டி அழகுக்குத்தான். வலைமுகம் உள்ள சாதாரண பெட்டி போதும், தூசியை அடிக்கடி துடைத்துவிடுங்கள். நொடிக்கு 144 முறை படம் மாற்றும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினால் கேபிளைக் கிராஃபிக்ஸ் கார்டில் செருகி, விண்டோஸ் அமைப்பிலும் 144 என்று மாற்றுங்கள். மாற்றாமல் 60-லேயே ஓட்டுகிறவர்கள் நிறைய.

வெளிநாட்டில் இருந்து வரவழைத்தால் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரி (VAT), அனுப்பும் செலவு எல்லாம் சேரும், பழுதானால் அங்கேயே திருப்பி அனுப்ப வேண்டிவரும். உள்ளூர்க் கடையில் வாங்கினால் 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை இருக்கிறது: ஆறு மாதத்துக்குள் பொருளில் குறை தெரிந்தால் பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. தனி ஆளிடம் பழையதாக வாங்கும்போது இந்தப் பாதுகாப்பு பொதுவாகக் கிடைக்காது. அதனால் அவர் வீட்டிலேயே அரை மணி நேரம் ஒரு கனமான ஆட்டத்தை ஓட்டச் சொல்லி, கார்டின் வெப்பத்தையும் முழு மாடல் எண்ணையும் திரையில் உங்கள் கண்ணால் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.