சிங்கப்பூர்ல சாப்பிட்டுட்டு ரிவ்யூ எழுதுறீங்களா? இதெல்லாம் பண்ணாதீங்க

சிங்கப்பூர்ல சாப்பிட்டு முடிச்சதும் போன எடுத்து ரிவ்யூ போடாத ஆளே இப்ப கிடையாது, நல்லதுதான், ஆனா பாதி ரிவ்யூவ படிச்சா கடையப் பத்தி ஒண்ணும் தெரியாது, எழுதினவர் வீட்டுல என்ன சாப்பிட்டுப் பழகினார்னுதான் தெரியும். சீனச் சாப்பாடு, மலாய், ஜப்பான், கொரியா, தாய், சீனமும் மலாயும் கலந்த பெரானாக்கான், அப்புறம் இதுல ரெண்டு மூணக் கலந்த ஃபியூஷன்னு ஒரே தெருவுல எல்லாம் இருக்குற ஊரு இது. இங்க ஒரே அளவுகோல தூக்கிட்டு எல்லாக் கடைக்கும் போனா அப்படித்தான் ஆகும்.

ரொம்ப எரிச்சலான தப்பு இந்த "ஆத்தென்டிக்கா இல்ல". மீன் தலைக் கறிக்கு இத எழுதுறாங்க பாருங்க, அதான் தாங்க முடியல. கேரளாவுலேர்ந்து வந்து இங்க கடை போட்ட எம்.ஜே. கோமஸ்தான், சீனக் கஸ்டமருங்க மீன் தலைய விரும்பிச் சாப்பிடுறாங்கன்னு பார்த்து அத நம்ம குழம்புல போட்டார்னு சொல்வாங்க. அப்புறம் சீனக் கடைங்க அத எடுத்து காரத்தக் குறைச்சு புளிப்ப ஏத்தி அவங்க வழிக்குக் கொண்டு போயிட்டாங்க. ஆக இது பிறந்ததே இந்த ஊர்ல, பிறக்கும்போதே கலப்பு. இதப் போய் "எங்க ஊரு மீன் குழம்பு மாதிரி இல்ல"ன்னா என்ன அர்த்தம்? தமிழ் முஸ்லிம் கடையில வடை, உருளைக்கிழங்கு, முட்டை, டோஃபுவெல்லாம் வெட்டிப் போட்டு சிவப்பா இனிப்புக் குழம்பு தர்ற இந்தியன் ரோஜாக்கும் இதே கதைதான், இந்தியாவுல தேடினா கிடைக்காது. அதுக்குப் பதிலா மீன் தலைன்னா கன்னத்துச் சதை எலும்ப விட்டு வழுக்கிட்டு வந்துச்சா, மீன் வாடை வந்துச்சா, குழம்பு சோத்துல நின்னுச்சா இல்ல தண்ணியா ஓடிச்சா, இத எழுதுங்க, படிக்கிறவனுக்கு உபயோகம்.

அடுத்தது சிக்கன் ரைஸ், வேகவச்ச கோழிய வெட்டி சோத்தோட தர்றது. "கோழி ஆறிப்போயிருந்துச்சு, எலும்புகிட்ட சிவப்பா இருந்துச்சு, வேகவே இல்ல, ஒரு ஸ்டார்." இட்லி மொறுமொறுன்னு இல்லன்னு சண்டை போடுற மாதிரிதான் இது. கொதி அடங்கின தண்ணியில கோழிய மெதுவா வேகவச்சு, எடுத்த கையோட ஐஸ் தண்ணியில முக்கிருவாங்க, அப்பதான் தோலுக்கும் கறிக்கும் நடுவுல ஜெல்லி மாதிரி ஒரு படலம் நிக்கும், நெஞ்சுக்கறி கூட சக்கையா போகாது. அதனால சூடா வராது. எலும்பு ஓரத்துல லேசா சிவப்பு தெரிஞ்சா உடனே வேகலன்னு முடிவு கட்ட வேண்டாம், ஆனா சதையே கண்ணாடி மாதிரி வழவழன்னு ரப்பரா இருந்தா அது நிஜமாவே வேகாததுதான், அப்ப தாராளமா திட்டுங்க. நான் கேட்டா முதல்ல சோத்தப் பாருங்கன்னுதான் சொல்வேன். கோழிக் கொழுப்பு, இஞ்சி, பூண்டு, பாண்டான்ங்கற வாசனை இலை போட்டு வடிச்ச சோறு உதிரியா வாசமா இருக்கா, மிளகாய்ச் சட்னியில எலுமிச்சைப் புளிப்பு தெரியுதா, அங்கதான் கடைக்குக் கடை வித்தியாசம். நிறைய ரிவ்யூல சோத்தப் பத்தி ஒரு வரி கூட இருக்காது!

பக்குத்தேங்கற பன்றி எலும்பு சூப்பும் அப்படித்தான். மலேசியாவுல கிள்ளான் பக்கம் சாப்பிட்டுட்டு வந்தவருக்கு மூலிகை போட்ட கருப்பு சூப் வேணும், இங்க டியோச்சியூ சீனர் முறையில மிளகும் பூண்டுமா தெளிவா தருவாங்க, ஒண்ணு ஒசத்தி ஒண்ணு மட்டம்னு இல்ல.

காரம்னு ஒண்ணு இருக்கே, நம்ம நாக்கோட வியாதி. கேன்டனீஸ் சீனர் முறையில ஆவியில வேகவச்ச மீன சாப்பிட்டுட்டு "சப்புன்னு இருக்கு"ன்னு எழுதினா மீன் ஃப்ரெஷ்ஷா இல்லையாங்கற தகவலே காணாமப் போயிரும், அத மறைக்கக்கூடாதுன்னுதான் சமைக்கிறவன் மசாலாவே போடல. மாலாங்கற சிச்சுவான் காரச் சாப்பாட்டுல தலைகீழ், நாக்கு மரத்துப் போச்சுன்னு புகார் சொல்றாங்க, சிச்சுவான் மிளகோட வேலையே அதுதாங்க. அங்க நெஜமா எழுத வேண்டியது நீங்க தட்டுல என்ன அள்ளினீங்கன்னு, எடை போட்டு காசு வாங்குற கடையில கனமான உருளைக்கிழங்கும் தாமரைத்தண்டும் அள்ளிட்டு "கொள்ளை விலை"ன்னா எப்படி.

விலைன்னதும் ஞாபகம் வருது, மெனுவுல இருக்குறத மட்டும் எழுதாதீங்க. விலைக்குப் பக்கத்துல பிளஸ் பிளஸ்னு (++) போட்டிருந்தா 10% சர்வீஸ் சார்ஜ், அதையும் சேர்த்து அதுக்கு மேல 9% ஜிஎஸ்டி, 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சாப்பாடு பில்லுல 23.98 வெள்ளி ஆயிரும். உணவங்காடியில (ஹாக்கர் சென்டர்ல) இந்தத் தொல்லை இல்ல, எழுதியிருக்குறதுதான் விலை, அதனால ரெண்டையும் ஒப்பிடும்போது கடைசியா கட்டின காச வச்சு ஒப்பிடுங்க.

ஃபியூஷன் கடைக்கு வருவோம். இங்க ரெண்டு கோஷ்டி, ஒண்ணு "புதுசா இருக்கு வாவ்", இன்னொண்ணு "எதுக்கு இந்தக் கூத்து". ரெண்டுமே ரிவ்யூ இல்ல. செஃப் வில்லின் லோவோட வைல்ட் ராக்கெட் ரெஸ்டாரண்ட 2005ல தொறந்து 2018ல மூடிட்டாங்க, அங்க லக்சா பெஸ்தோ பாஸ்தா ரொம்பப் பேரு வாங்குச்சு. லக்சான்னா இங்க தேங்காய்ப்பால்ல பண்ற நூடுல்ஸ் சூப், பெஸ்தோ இத்தாலிக்காரங்க பச்சைச் சட்னி. பெஸ்தோவுல துளசி மாதிரி ஒரு வாசனை இலைய அரைக்கணும், அந்த இடத்துல இந்த ஊர்ல லக்சாவுக்குப் போடுற இலை உட்காருது, பொருந்துது, காரணம் இருக்கு. அதே நேரம் மெக்சிகோ டாக்கோவுல ரெண்டாங்க (தேங்காய்ப்பால்ல சுண்ட வச்ச மலாய் இறைச்சி) வச்சு மேல மயோனைஸ் பீச்சி 28 வெள்ளின்னு ஒரு கடை குடுத்தா, ரெண்டாங்க தனியா சாப்பிட்டிருந்தா இத விட நல்லா இருந்திருக்குமான்னு கேளுங்க. ஆமான்னா அத அப்படியே எழுதுங்க, மரியாதைக்காக மழுப்ப வேண்டாம்.

தப்பான தகவல் போடுறது இதெல்லாத்தையும் விட மோசம். "நோ போர்க் நோ லார்ட்"னு (பன்றிக்கறியும் பன்றிக்கொழுப்பும் இல்லன்னு) பலகை இருந்தா அது ஹலால்னு அர்த்தம் இல்ல, முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) சான்றிதழ் இருக்கான்னு பாத்துட்டு எழுதுங்க. சைவம்னு எழுதறதுக்கு முன்னாடியும் ஒரு வார்த்தை கேளுங்க, இறைச்சி இல்லாத லக்சாவுலயும் காய்ஞ்ச இறாலும் பெலாச்சானும் (இறால் விழுது) இருக்கும், கீரை வதக்கல்ல சிப்பி சாஸ் இருக்கும், உங்க ரிவ்யூவ நம்பி ஒருத்தர் அம்மாவ கூட்டிட்டுப் போவார். நல்ல கடைகளுக்கு ஸ்டார் குடுக்குற மிச்செலின் கைடு விஷயமும் அப்படி. கம்மி விலையில நல்ல சாப்பாட்டுக்கு அவங்க தர்ற பிப் கூர்மோன்ட் ஸ்டிக்கர் பாத்துட்டு "ஸ்டார் வாங்கின கடை"ன்னு எழுதுறாங்க, அது வேற இது வேற. சோயா சாஸ் சிக்கனுக்கு 2016ல ஸ்டார் வாங்கின ஹாக்கர் சான் 2021ல அத இழந்தாச்சு, இன்னும் பழசையே காப்பி அடிச்சுட்டு இருக்காங்க.

அப்புறம் போட்டோ. சார் குவே தியாவ் (வோக்குங்கற சீன வாணலியில வறுத்த தட்டை அரிசி நூடுல்ஸ்) வந்ததும் லைட் பாத்து ஆங்கிள் பாத்து அஞ்சு நிமிஷம் ஓட்டிட்டு "வோக்கோட சூடு தெரியல, நூடுல்ஸ் ஒட்டிக்கிச்சு"ன்னு எழுதுறது கடைக்காரர் மேல போடுற பழி. ஒரு படம், அப்புறம் சாப்பிடுங்க. கடைக்காரங்களே கூப்பிட்டு ஓசியில சாப்பாடு போட்டிருந்தா அத முதல் வரியிலயே சொல்லிருங்க, கடைசியில ஹேஷ்டேக் கூட்டத்துக்குள்ள ஒளிச்சு வைக்காதீங்க.