நோயாளியின் கைவேலையில் உடனிருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதக்கணக்கில் மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவருக்கு நூலும் ஊசியும் வாங்கித் தரத் தோன்றுவது நல்ல யோசனைதான். ஆனால் வார்டு நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிவிடுகிறோமே, அங்கேதான் தவறு ஆரம்பிக்கிறது.

புற்றுநோய்க்குத் தரும் சில கீமோ மருந்துகள் விரல் நுனிகளை மரத்துப்போக வைக்கும். ஊசி குத்தியதே தெரியாது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் குறைந்திருந்தால் சின்னக் குத்துகூட லேசில் நிற்காமல் கசியும். அவர்களுக்கு மழுங்கிய பிளாஸ்டிக் ஊசியும், துளை பெரிதாக இருக்கும் எம்ப்ராய்டரித் துணியும் போதும். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்தவர் பக்கத்தில் காய்ந்த பூ, களிமண், பெட்டியில் கிடந்த பழைய துணி எதுவுமே வேண்டாம். அவற்றில் பூஞ்சை இருக்கலாம். மூச்சுத் தொல்லை உள்ளவர் இருக்கும் அறையில் நெடி வீசும் பசையும் பெயின்டும் கூடாது. ஒரே நூல்கண்டு படுக்கை படுக்கையாகச் சுற்றி வருவதும் ஆபத்து, கிருமியும் கூடவே போகும்.

டயாலிசிஸ் ஒருமுறைக்குச் சுமார் 4 மணி நேரம் ஆகும். ஊசி ஏற்றிய கையை அசைக்கக் கூடாது என்பதால், இரண்டு கையும் வேண்டிய குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) அங்கே தோதுப்படாது. அட்டையில் கிளிப் போட்டு இறுக்கிய தாளில் வரையலாம், வண்ணத்தாள் துண்டுகளை ஒட்டலாம். ட்ரிப் எந்தக் கையில் ஏறுகிறது என்று பார்க்காமல் பொருள் வாங்குபவர்கள்தான் அதிகம்.

இதையெல்லாம்விட எனக்குக் கோபம் வருவது திருத்தும் பழக்கத்தில். நோயாளி தூங்கும்போது கோணல் தையலைப் பிரித்து நேராக்கி வைப்பார்கள், அன்பால்தான். கண் விழித்துப் பார்ப்பவருக்கு அது தன் வேலையாகவே இருக்காது. சாப்பாடு, மருந்து, தூக்கம் என எல்லாவற்றையும் மற்றவர்கள் முடிவு செய்யும் இடத்தில், எந்த நிற நூல் என்பதாவது அவர் கையில் இருக்கட்டும்.

ஜெர்மனியில் மனநல மருத்துவமனையில் இருந்த ஆக்னஸ் ரிக்டர் 1890களில் அங்கே கிடைத்த துணியிலேயே ஒரு சட்டை தைத்தார். அதன் மேலெல்லாம் நூலால் எழுதினார். பல வரிகளை இன்றும் படிக்க முடியவில்லை. ஆனாலும் மனநல நோயாளிகளின் படைப்புகளைக் காக்கும், ஹைடல்பெர்க்கில் உள்ள பிரின்ஸ்ஹார்ன் சேகரிப்பில் அது பாதுகாக்கப்படுகிறது. ‘ஒழுங்காக’ தைக்கச் சொல்லி யாராவது பக்கத்தில் நின்றிருந்தால் அப்படி ஒரு சட்டையே இருந்திருக்காது.

அவர் செய்ததை விற்பதாக இருந்தால், சம்மதம் வாங்காமல் படுக்கைப் படமோ நோயின் பெயரோ போடாதீர்கள். பரிதாபத்துக்காக வாங்குகிறவர் மறுமுறை வரமாட்டார். செய்தவர் பெயரை அவர் சரி என்றால் மட்டும் போடுங்கள். விலை வேலைப்பாட்டுக்குத்தான். பணம் யாருக்குப் போகிறது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

அப்புறம், பாதியில் நிற்கும் வேலை. வீடு திரும்பும் சிலருக்கு அந்த நூலைப் பார்த்தாலே வார்டு ஞாபகம் வரும். முடிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், கேட்காமல் தூக்கிப்போடவும் வேண்டாம்.