பட்ஜெட் கேமிங் பிசிக்கு ரேம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இப்போதைக்கு கிராபிக்ஸும் உள்ளேயே இருக்கும் ரைசன் 5 5600ஜி ப்ராசஸர், அதற்கு ஒரு ஏ520 மதர்போர்டு. காசு சேர்ந்ததும் கிராபிக்ஸ் கார்டு. பட்ஜெட் பிசி கட்டுபவர்கள் பலர் போடும் கணக்கு இது, நல்ல கணக்கும்தான். ஆனால் இந்த வகைப் பிசியில் ரேமில் கோட்டை விட்டால் ஃப்ரேம் ரேட் அப்படியே விழும். ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கென்று தனி மெமரி கிடையாது, அதுவும் ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது.

ஆகவே முதல் தவறு, பெரிய தவறு, 16 ஜிபியை ஒரே ஸ்டிக்காக வாங்குவது. "அப்புறமா இன்னொண்ணு போட்டுக்கலாம் சார்" என்று கடையில் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். டிடிஆர்4 (ரேமின் தலைமுறை) 3200 (அதன் வேகம்) ஸ்டிக் ஒன்று நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி டேட்டாவைக் கடத்தும். இரண்டு ஸ்டிக் இரண்டு சேனலில், அதாவது ப்ராசஸருக்குப் போகும் இரண்டு தனிப் பாதைகளில், இருந்தால் 51.2. உள்கட்டமைந்த கிராபிக்ஸில் விளையாடும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தனி கார்டு இருந்தால் இவ்வளவு அடி விழாது, ஆனாலும் சில கேம்களில் திக்கித் திக்கி ஓடும். எனவே 8+8 வாங்குங்கள், அதுவும் ஒரே பெட்டியில் ஜோடியாக வருவதை. வேறு வேறு ரகத்தைக் கலந்தால் பெரும்பாலும் மெதுவானதன் வேகத்துக்கே இரண்டும் இறங்கிவிடும். சில நேரம் பிசி பூட்டே ஆகாது.

ஜோடியாக வாங்கிய பிறகும் சிலர் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் செருகிவிடுகிறார்கள். நான்கு ஸ்லாட் போர்டுகளில் பொதுவாக ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணி 2, 4இல் போட வேண்டும். போர்டு மேனுவலில் படமே இருக்கும்.

8 ஜிபி போதும் என்பது பழைய கதை. கிராபிக்ஸுக்கு 2 ஜிபி ஒதுக்கினால் மிச்சம் 6. விண்டோஸ், டிஸ்கார்டு, நாலு குரோம் டேப் போக கேமுக்கு என்ன இருக்கும்?

காசே செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய ஒன்றும் உண்டு. 3200 என்று அச்சிட்ட ஸ்டிக் பல, போட்டவுடன் 2400இலோ 2666இலோதான் ஓடும். பிசி ஆனாகும்போது திறக்கும் செட்டிங்ஸ் பகுதியான பயாஸுக்குள் போய், ரேமை அச்சிட்ட வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பியை ஆன் செய்ய வேண்டும். சில போர்டுகளில் அதன் பெயர் டிஓசிபி. டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்தால் இப்போது என்ன வேகம் என்று தெரிந்துவிடும். சிபியு-இசட் என்ற மென்பொருளில் 1600 என்று வந்தால் பதற வேண்டாம். அது கடிகார வேகத்தைக் காட்டுகிறது, டிடிஆரில் அதன் இரட்டிப்புதான் பெட்டியில் இருக்கும் எண். ஆனால் ரேமின் முழு வேகத்தை ப்ராசஸரும் போர்டும் அனுமதிக்க வேண்டும். இன்டெலின் ஐ3-10100 ப்ராசஸரை எச்510 போர்டில் போட்டால் 2666க்கு மேல் ஏறாது. அதற்கு 3600 ரேம் வாங்குவது வீண் செலவு.

அடுத்து சிஎல் எண், அதாவது கேட்ட டேட்டாவைத் தர ரேம் எடுக்கும் கடிகாரச் சுற்றுகளின் எண்ணிக்கை. சிஎல்லை 2000ஆல் பெருக்கி ரேம் வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ நொடியில் கிடைக்கும். 3200 சிஎல்16க்கு 10, 3600 சிஎல்18க்கும் அதே 10. 3200 சிஎல்22க்கு 13.75. விலை கிட்டத்தட்ட ஒன்று என்றால் சிஎல்16ஐ எடுங்கள். அதற்காக ஆயிரக்கணக்கில் கூடக் கொடுக்க வேண்டாம். ஆர்ஜிபி விளக்குக்கும் இதையேதான் சொல்வேன்.

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 பின்தான், ஆனால் வெட்டு வேறிடத்தில் இருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது. இன்டெல் ப்ராசஸர்களுக்கான எச்610, பி760 போர்டுகள் இரண்டு வகையிலும் விற்கின்றன, மாடல் பெயரைக் கடைசி எழுத்து வரை படித்து வாங்குங்கள். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டு என்றால் டிடிஆர்5 மட்டுமே.

2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ரேம் விலை எகிறியதிலிருந்து செகண்ட் ஹேண்ட் பக்கம் பலர் போகிறார்கள். தப்பில்லை, ரேம் லேசில் தேயாது. ஆனால் சந்தேகப்படும்படி மலிவாகக் கிடைப்பது சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு இசிசி ரேமாக இருக்கலாம். சாதாரண டெஸ்க்டாப் போர்டில் அது வேலை செய்யாது. பழைய டிடிஆர்3இல் ஏஎம்டிக்கு மட்டும் என்று விற்கும் ஸ்டிக்குகள் இன்டெல் போர்டில் ஓடாது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அந்த நாட்களுக்குள் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும், முதலில் எக்ஸ்எம்பியை அணைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் வந்தால் ஸ்டிக் திரும்பப் போகட்டும்.