கம்பன் விழாவுக்கு வருகிறவர்களுக்கு

பங்குனியில் வாருங்கள். 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழா அப்போதுதான். காரைக்குடியில் பட்டிமன்றத்துக்குச் சீக்கிரமே போய் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடியுங்கள். இங்கே வெயில் தணிந்தாலும் புழுக்கம் விடாது. பேச்சைவிட, முன்வரிசைப் பெரியவர்கள் பாட்டின் அடுத்த அடியை முணுமுணுப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

கம்பன் மணிமண்டப வளாகத்திலேயே தமிழ்த்தாய் கோயில் இருக்கிறது, பார்த்துவிடுங்கள். கண்ணதாசன் மணிமண்டபம் பேருந்து நிலையத்துக்குப் பக்கம். ஆயிரம் ஜன்னல் வீட்டை வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

அத்த நட்சத்திரத்தன்று நாட்டரசன்கோட்டை; கம்பர் சமாதியில்தான் நிறைவு விழா. அதை விட்டுவிடாதீர்கள். அப்படியே அந்த ஊர் அம்மன் கண்ணாத்தாளையும் கும்பிட்டுவிடலாம். நேரமிருந்தால் ஆத்தங்குடி. அங்கே கண்ணாடியின் மேல் வண்ணக் கலவை ஊற்றித் தரைக்கல் செய்கிறார்கள். வாங்குவதானால் விலையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.