காட்டுப் பாதைக்குப் பிக்கப் வண்டியைத் தயார் செய்தல்: டயர் முதல் வின்ச் வரை எதை, எந்த வரிசையில் மாற்றுவது?

பிக்கப் வண்டி கைக்கு வந்ததும் அதை உயர்த்தி, தடித்த டயர் மாட்டி, முன்னால் இரும்பு பம்பரும் பூட்டிவிட வேண்டும் என்ற ஆசை பெரும்பாலானவர்களுக்கு வருவதுதான். ஆனால் வரிசை தவறிச் செலவு செய்தால் ஒரு மாற்றம் இன்னொரு பழுதை இழுத்துக்கொண்டு வரும். பெரிய டயர் மாட்டியதால் வண்டியை உயர்த்த வேண்டியிருக்கும். உயர்த்தியதால் அச்சு மூட்டுகள் தேயும். தேய்ந்ததை மாற்றும்போதுதான் முதலில் வாங்கிய டயரே நமக்குத் தேவையில்லாதது என்பது புரியும். எனவே, வேலையை முடித்துக் கொடுக்கும் மிகச் சிறிய மாற்றம் எது என்று ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொண்டே போவதுதான் இங்கே பின்பற்றப்படும் முறை. ஸ்டெப்னி மாற்றத் தெரிந்த எவரும் இதைத் தொடரலாம்.

முதல் படி: பாதையையும் பாரத்தையும் எழுதி வையுங்கள்

கடந்த சில மாதங்களில் வண்டி ஓடிய தூரத்தில் தார்ச்சாலை எவ்வளவு, சரளைக்கல் எவ்வளவு, சேறும் மணலும் எவ்வளவு என்று நேர்மையாக ஒரு தாளில் எழுதுங்கள். பத்தில் எட்டுப் பங்கு தார்ச்சாலை என்று வந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை; பலருக்கு அப்படித்தான் வரும்.

அடுத்தது பாரம். வண்டி எல்லாச் சுமையோடும் சேர்ந்து எவ்வளவு எடை வரை இருக்கலாம் என்ற உச்ச வரம்பு, வண்டியில் ஒட்டப்பட்ட தகட்டிலோ கையேட்டிலோ இருக்கும். அந்த வரம்பு 3,000 கிலோ, வெறும் வண்டியின் எடை 2,100 கிலோ என்று வைத்துக்கொண்டால், மிச்சம் 900 கிலோ. இதில் நான்கு பேருக்கு 300 கிலோ, இரும்பு பம்பருக்கும் வின்ச்சுக்கும் (சிக்கிய வண்டியைக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் மோட்டார்) 100 கிலோ, அடித்தட்டுகளுக்கும் பக்கவாட்டுக் காப்புக் குழாய்களுக்கும் 80 கிலோ, பின்கூண்டுக்கும் மேல் கம்பிகளுக்கும் 100 கிலோ என்று கழித்தால், தண்ணீர், கருவிகள், கூடாரம், உணவு எல்லாவற்றுக்கும் 320 கிலோதான் இருக்கிறது. நாம் பூட்டும் ஒவ்வொரு இரும்புத் துண்டும் சுமைக் கணக்கில்தான் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: டயரின் வகை

சந்தையில் மூன்று வகைகளைப் பார்ப்பீர்கள். எச்/டி என்பது சாலைக்கானது. ஏ/டி சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவானது. எம்/டி சேற்றுக்கானது. எம்/டி டயரின் பட்டன்கள் பெரியவை, அவற்றுக்கிடையே உள்ள பள்ளங்கள் அகலமானவை. சக்கரம் வேகமாகச் சுழலும்போது அந்தப் பள்ளங்களில் அடைந்த சேறு தெறித்து வெளியேறி, அடுத்த சுற்றில் பட்டன் மீண்டும் மண்ணைக் கடிக்கிறது. ஈரமான தார்ச்சாலையில் இதே அமைப்பு நமக்கு எதிராகத் திரும்புகிறது. சாலையைத் தொடும் ரப்பர் குறைவாக இருப்பதாலும், நீரை அறுக்கும் நுண்கீறல்கள் பெரும்பாலும் சிலவே இருப்பதாலும், பிரேக் பிடித்தால் வண்டி நிற்க அதிகத் தூரம் எடுத்துக்கொள்ளும். இரைச்சலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நான் முதன்முதலில் வாங்கியது எம்/டிதான், நீண்ட பயணங்களில் பக்கத்தில் இருப்பவரோடு கத்திப் பேசிப் பேசியே தொண்டை வறண்டுபோனது.

மணலில் எம்/டி சிறந்தது என்று நினைப்பதும் தவறு. மணலில் தோண்டாமல் மிதந்து செல்ல வேண்டும். எம்/டியோ ஆக்ஸிலரேட்டரைச் சற்று அழுத்தினாலே குழி பறித்துக்கொண்டு இறங்கும். முழங்கால் ஆழச் சேற்றில் வாரந்தோறும் வேலை இருந்தாலொழிய, தொடக்கநிலையில் இருப்பவருக்கு ஏ/டி போதும் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாம் படி: அளவைப் படித்துக் கணக்கிடுங்கள்

டயரின் பக்கச் சுவரில் 265/70 ஆர் 17 என்று இருந்தால், அகலம் 265 மில்லிமீட்டர்; பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம், அதாவது 185.5 மில்லிமீட்டர், ரிம்மின் விட்டம் 17 அங்குலம், அதாவது 431.8 மில்லிமீட்டர். பக்கச் சுவர் மேலும் கீழுமாக இருமுறை வருவதால் மொத்த விட்டம் 802.8 மில்லிமீட்டர். இதே ரிம்மில் 285/70 போட்டால் 830.8 மில்லிமீட்டர் ஆகிறது.

விட்டம் 28 மில்லிமீட்டர் கூடியது. ஆனால் அச்சு உயர்வது அதில் பாதி, வெறும் 14 மில்லிமீட்டர். கட்டைவிரல் அகலம்கூட இல்லாத இந்த உயரத்துக்காக எதைக் கொடுக்கிறோம் என்று பாருங்கள். விட்டம் 3.5 சதவீதம் கூடுவதால், முன்பு சரியாகக் காட்டிய ஸ்பீடோமீட்டர் இனி 100 என்று காட்டும்போது வண்டி 103.5 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 4.10 என்ற அச்சுப் பல்விகிதம் (சக்கரம் ஒருமுறை சுழல அச்சுக்கு வரும் தண்டு எத்தனை முறை சுழல வேண்டும் என்ற கணக்கு) ஏறத்தாழ 3.96 ஆகிவிட்டதுபோல் இழுவை குறையும். டயரின் எடையும் கூடுவதால் பிரேக்குக்கு வேலை அதிகமாகும். இந்த விலை உங்களுக்குச் சம்மதமா என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். கம்பெனி அளவு அல்லது அதற்கு ஒரு படி மேல், அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ரிம்மைப் பெரிதாக்கிப் பக்கச் சுவரைக் குறைக்கவே கூடாது. கல்லில் மோதும் அடியைத் தாங்குவதும், காற்றை இறக்கும்போது வளைந்து கொடுப்பதும் அந்தச் சுவர்தான்.

நான்காம் படி: சுமை எண்ணும் வயதும்

அளவுக்குப் பக்கத்தில் 112 எஸ், 121 கியூ போன்ற குறிகள் இருக்கும். எண் ஒரு டயர் தாங்கும் சுமையைக் குறிக்கிறது: 112 என்றால் 1,120 கிலோ, 121 என்றால் 1,450 கிலோ. எழுத்து வேக வரம்பு: கியூ 160, எஸ் 180 கிலோமீட்டர். கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள். அளவின் முன்னால் எல்.டி. என்று இருந்தால் அது இலகு டிரக்குகளுக்கான கனமான டயர். கூரான கற்களை நன்றாகத் தாங்கும், ஆனால் அதே சுமையைச் சுமக்கச் சாதாரண டயரைவிடக் கூடுதல் காற்றழுத்தம் கேட்கும். பழைய டயருக்கு வைத்த அழுத்தத்தையே இதற்கும் வைத்துவிட்டால் ஓரங்கள் சீக்கிரம் தேயும்.

பணம் கொடுக்கும் முன் டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து, டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையைத் தேடுங்கள். அதன் கடைசி நான்கு இலக்கங்கள் 2423 என்றால், 2023ஆம் ஆண்டின் 24ஆம் வாரத்தில் செய்த டயர் அது. அந்த நான்கு இலக்கங்கள் பெரும்பாலும் ஒரு பக்கச் சுவரில் மட்டுமே இருக்கும். இந்தப் பக்கம் காணவில்லை என்றால் டயரைப் புரட்டிப் பாருங்கள்.

ஐந்தாம் படி: உரசுகிறதா என்று பாருங்கள்

புதிய டயர் சமதளத்தில் உரசாமல் இருப்பது எதையும் நிரூபிக்காது. டயரின் இரு தோள்பட்டைகளிலும் சாக்பீஸைத் தாராளமாகத் தேய்த்துவிட்டு, ஒரு முன்சக்கரம் மேட்டில் ஏறும்படி வண்டியை மெல்ல நகர்த்தி, ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசி வரை ஒடியுங்கள். பிறகு இறங்கிச் சக்கரக் கூண்டுக்குள் பாருங்கள்: உள்தகட்டிலோ மட்ஃபிளாப்பிலோ சேசிஸ் ஓரத்திலோ வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் அங்கே உரசல் இருக்கிறது.

உரசலைத் தவிர்க்கச் சக்கரத்தை வெளியே தள்ளும் ரிம்மை மாட்டச் சிலர் சொல்வார்கள். அது உள்பக்க உரசலைக் குறைத்து வெளிப்பக்கத்தில் புதிய உரசலை உண்டாக்கக்கூடும்; சக்கர பேரிங்கிலும் ஸ்டியரிங்கிலும் அழுத்தமும் கூடும்.

டயர் வாங்கும்போது நான்கல்ல, ஐந்து வாங்குங்கள். அளவு மாறுபட்ட ஸ்டெப்னியுடன் ஃபோர் வீல் டிரைவைப் போட்டு ஓட்டினால் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழன்று அச்சும் கியர்பாக்ஸும் முறுக்கேறும். ஐந்தாவது டயர் வண்டிக்கு அடியில் உள்ள இடத்தில் நுழைகிறதா என்பதையும் அன்றே பாருங்கள். நான் பார்க்கவில்லை, பல மாதங்கள் அது பின்தொட்டியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது.

ஆறாம் படி: காற்று

இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட மலிவான, பலன் மிகுந்த மேம்பாடு காற்றை இறக்குவதுதான். அழுத்தம் குறையும்போது டயர் தரையைத் தொடும் தடம் முக்கியமாக நீளவாக்கில் வளர்கிறது. வண்டியின் பாரம் பரவி, மணலில் புதையாமல் போகிறது. கூரான கல்லின் மேல் டயர் வெடிப்பதற்குப் பதில் அதைச் சுற்றி வளைகிறது. சாலையில் 35 பி.எஸ்.ஐ. வைக்கும் வண்டிக்குச் சரளைப் பாதையில் 26 முதல் 28, பாறையில் மெதுவாக ஏறும்போது 18 முதல் 22, மணலில் 15 முதல் 18 என்று தொடங்கலாம். சுமை அதிகமானால் சற்று மேலே வையுங்கள். சாதாரண ரிம்மில் 12க்குக் கீழே இறக்கினால், திரும்பும்போது டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்றுவிடும் அபாயம் உண்டு.

இறக்கிய காற்றோடு வேகம் கூடாது. மணல் அழுத்தத்தில் 30 கிலோமீட்டருக்குள் ஓட்டுங்கள். அதற்கு மேல் போனால் பக்கச் சுவர் ஓயாமல் மடங்கி விரிந்து சூடேறி, உள்ளிருந்தே சிதையத் தொடங்கும். தார்ச்சாலையைத் தொட்டதும் காற்றை ஏற்றியாக வேண்டும் என்பதால், நம்பகமான அழுத்தமானியும் பேட்டரியில் நேரடியாகக் கவ்வும் கம்ப்ரஸரும் டயரோடு சேர்த்தே வாங்க வேண்டியவை. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறிய வகை இரண்டாவது டயரிலேயே கொதித்துப்போய் நின்றுவிடக்கூடும்.

சாலைக்கான சரியான அழுத்தத்தைக் கண்டுபிடிக்க மீண்டும் சாக்பீஸை எடுங்கள். பட்டன்களின் குறுக்கே தடித்த கோடு போட்டு, சமமான சாலையில் நேராகச் சில நூறு மீட்டர் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் கோடு அழிந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு.

ஏழாம் படி: மற்ற மேம்பாடுகள்

முதலில் மீட்பு. முன்னும் பின்னும் சேசிஸில் போல்ட் போட்டுப் பூட்டிய, சுமைத் தரம் குறித்த கொக்கிகள் வேண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் ஒருபோதும் கயிற்றைப் பூட்டி இழுக்காதீர்கள். அது ஒடிந்து குண்டுபோல் பறந்து உயிர்களைக் குடித்திருக்கிறது. இவற்றோடு ஒரு மண்வெட்டியும், சக்கரத்துக்கு அடியில் வைக்கும் பிடிப்புப் பலகைகள் இரண்டும் இருந்தால், தனியாகச் சிக்கிக்கொண்டாலும் பெரும்பாலான இடங்களிலிருந்து வெளியே வந்துவிடலாம்.

அதன் பிறகு, எஞ்சின் எண்ணெய்த் தொட்டியையும் கியர்பாக்ஸையும் காக்கும் அடித்தட்டுகள். சஸ்பென்ஷனை முதல் படியில் எழுதிய பாரக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே தேர்ந்தெடுங்கள்: எப்போதும் 300 கிலோ ஏற்றுபவருக்கான ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் போட்டால் முதுகெலும்பு பதம் பார்க்கப்படும். முன்பக்கம் தனித்தனிச் சஸ்பென்ஷன் உள்ள வண்டியை 2 அங்குலத்துக்கு மேல் உயர்த்தினால் டிரைவ் ஷாஃப்ட் மூட்டுகள் கூடுதல் கோணத்தில் சுழன்று சீக்கிரம் தேயும். எவ்வளவு உயர்த்தினாலும் வீல் அலைன்மென்ட் செய்தே ஆக வேண்டும், பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது வண்டி நகராமல் நிற்பதற்குக் காரணம், ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் சாதாரண டிஃபரன்ஷியல், தரையில் உள்ள சக்கரத்துக்கும் தொங்கும் சக்கரத்துக்குக் கிடைக்கும் அதே சொற்ப முறுக்குவிசையை மட்டுமே தருவதுதான். பின் அச்சுக்கு, இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கர் ஒன்று போட்டால் இரண்டும் சேர்ந்தே சுழலும். வண்டியை மேலும் உயர்த்தச் செலவழிப்பதைவிட இது மேல்.

வின்ச் வாங்குவதானால் வண்டியின் உச்ச எடையைப்போல் ஒன்றரை மடங்கு இழுவைத் திறன் வேண்டும். 3,000 கிலோ வண்டிக்கு 4,500 கிலோ. அந்தத் திறன் உருளையில் கயிற்றின் முதல் சுற்று மட்டும் இருக்கும்போது கிடைப்பது. மேல் சுற்றுகளில் குறைந்துகொண்டே போகும். எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்றை இழுக்கும் குழாயான ஸ்னார்க்கலைத் தண்ணீரில் அடிக்கடி இறங்குபவர்கள் மட்டும் யோசிக்கலாம், அதுவும் அச்சுகளின் காற்றுக்குழாய்களை முதலில் உயர்த்திய பிறகு.

புதிய சக்கரங்கள் மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்பேனரால் மீண்டும் இறுக்குங்கள். பிறகு 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயர்களையும் இடம் மாற்றிப் போடுங்கள்.