சவ்வுப் புரதத்தின் அசைவை மாஸ் ஸ்பெக்கில் பார்ப்பது எப்படி?

வாளையார் தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் எம்.எஸ்சி. படிக்கும் நம் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். சவ்வுப் புரதத்தை டிடர்ஜெண்டில் கரைத்து ஆராய்வது வசதிதான். ஆனால் சுற்றியுள்ள லிப்பிடு (சவ்வின் கொழுப்பு மூலக்கூறு) மாறினால் புரதத்தின் நிலையும் மாறும். ஈ.கோலை பாக்டீரியாவில் சைலோஸ் சர்க்கரையைக் கடத்தும் சவ்வுப் புரதம் செல்லின் உள்பக்கம் திறந்து நிற்பதில் பாஸ்பாட்டிடைல் எத்தனாலமைன் என்ற லிப்பிடுக்குப் பங்கு உண்டு. அதனால் லிப்பிடோடு வைத்தே பார்ப்போம். வழி ஹைட்ரஜன்-டியூட்டீரியம் மாற்றம்: புரதத்தைக் கன நீரில் (ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டீரியம் உள்ள நீர்) விட்டால், அசையும், நீர் எட்டும் பகுதிகளில் டியூட்டீரியம் வேகமாக ஏறும்; கூடிய நிறையை மாஸ் ஸ்பெக் என்ற நிறை அளக்கும் கருவியில் பார்க்கலாம்.

முதலில் நானோடிஸ்க், அதாவது புரதத்தை ஏந்தும் சின்ன லிப்பிடுத் தட்டு. டிடர்ஜெண்டில் உள்ள புரதம், கோலேட் என்ற டிடர்ஜெண்டில் கரைத்த லிப்பிடு, தட்டின் விளிம்பைச் சுற்றிக் கட்டும் எம்எஸ்பி1டி1 என்ற பட்டைப் புரதம் மூன்றையும் கலந்து, பாலிஸ்டைரீன் மணிகளைப் போட்டு டிடர்ஜெண்டை உறிஞ்சி எடுங்கள். சுமார் 10 நானோமீட்டர் அகலத் தட்டுகள் தாமாகவே உருவாகும். உங்கள் புரதத்தில் ஹிஸ்-டேக் (நிக்கலில் ஒட்டும் ஹிஸ்டிடின் வால்) இருந்தால் நிக்கல் காலத்தில் (column) ஏற்றிக் காலித் தட்டுகளைக் கழித்துவிடலாம். பட்டைப் புரதத்தின் டேகை மட்டும் முன்பே வெட்டியிருக்க வேண்டும்.

அப்புறம் கன நீர். அதே பஃபரைக் கன நீரில் தயாரித்து, மாதிரியைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். புரதச் சங்கிலியின் முதுகெலும்பில் உள்ள அமைடு ஹைட்ரஜன்கள் டியூட்டீரியமாக மாறும். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 1 டால்டன் நிறை கூடும். 10 விநாடி, 1 நிமிடம், 10 நிமிடம், 1 மணி என நேரம் வையுங்கள். எடவப்பாதி மழை நாளில் கன நீர்ப் புட்டியைத் திறந்தே வைக்காதீர்கள், காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

உயிர்நாடி இனிமேல்தான். நேரம் முடிந்ததும், மாற்றத்தை நிறுத்த, பிஹெச் 2.5, 0 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். பிஹெச் 7-இலிருந்து 2.5-க்கு இறங்குவதாலேயே மாற்ற வேகம் பத்தாயிரம் மடங்கு குறைகிறது. குளிர் அதை இன்னும் பத்து மடங்குக்கு மேல் குறைக்கும். தட்டை உடைப்பதும் இப்போதுதான், அதற்கு முன் கூடாது. கோலேட் சேர்த்துத் தட்டைக் கலையுங்கள், சிர்கோனியா மணிகளைப் போட்டால் லிப்பிடின் பாஸ்பேட் அவற்றில் ஒட்டிக்கொள்ளும், சுழற்றி வடிகட்டுங்கள். லிப்பிடு தங்கினால் அடுத்து பெப்டைடுகளைப் பிரிக்கும் காலமும் (column) கெடும், சிக்னலும் அமுங்கிவிடும். குழாய், பஃபர், ரோட்டர் எல்லாம் முன்பே ஐஸில் குளிர்ந்திருக்கட்டும். இங்கே தாமதித்தால் ஏறிய டியூட்டீரியம் திரும்ப இறங்கிவிடும்.

அமிலத்திலும் வேலை செய்யும் பெப்சின் என்சைமால் புரதத்தைப் பெப்டைடுத் துண்டுகளாக வெட்டி, 0 டிகிரியில் குறுகிய கிரேடியண்ட் (கரைப்பானின் கலவையை மெல்ல மாற்றித் துண்டுகளைப் பிரிப்பது) ஓட்டி, மாஸ் ஸ்பெக்கில் செலுத்துங்கள். கன நீர் படாத மாதிரியை முதலில் ஓட்டிப் பெப்டைடு பட்டியலை எடுத்துவிடுவது நல்லது. முழுதும் டியூட்டீரியம் ஏற்றிய மாதிரியும் ஒன்று வேண்டும், வழியில் இறங்கிப்போகும் டியூட்டீரியத்தின் இழப்பைக் கணக்கிட.

இரண்டு லிப்பிடுக் கலவைகளில் ஒரே பெப்டைடை ஒப்பிடுங்கள். டியூட்டீரியமே ஏறாத இடத்தை 'அசையாத பகுதி' என்று எழுதிவிடாதீர்கள். அது சவ்வுக்குள் நீர் எட்டாத இடமாகவும் இருக்கலாம்.